பேரை மட்டும் மாத்தினேன்

என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டீங்க. எழுத்தாளர்னு சொன்னேன். வழக்கமா அடுத்து 'என்ன எழுதியிருக்கீங்க'ன்னு கேப்பாங்க சார். நீங்க கேக்கல, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. பரவால்ல. ஒரே ஒரு கதைதான் அச்சுல வந்திருக்கு. அந்த ஒரு கதையால எங்க வீட்டுல ஒரு ஆளு குறைஞ்சு போச்சு. அந்த வருத்தத்தை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். இந்த பஸ்ல நீங்க கும்பகோணம் போறீங்க, நான் நீடாமங்கலத்துல இறங்கிடுவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன்.

என் பேரு வாசுதேவன். சொந்த ஊர் மன்னார்குடிதான். பதினோரு வருஷம் மெட்ராஸ்ல இருந்தேன். இன்டர்நெட்ல சாமான் விக்கிற ஒரு கம்பெனியில, மிக்ஸி, குக்கர், ஸ்டூல் இதையெல்லாம் பத்தி தமிழ்ல நாலு வரி எழுதிப் போடற வேலை. 'உங்கள் இல்லத்தின் இனிய துணை' அப்படின்னு வரும் பாருங்க, அது நான் எழுதினது. போன வருஷம் அந்த வேலையை இனிமே கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு சொன்னாங்க. நான் ராஜினாமா பண்ணிட்டேன். எல்லாரும் அன்னிக்கே பண்ணினாங்க, ஆனா நான் மட்டும்தான் அதை ஒரு வாய்ப்பா எடுத்துக்கிட்டேன். ஊருக்குப் போறது, ஒரு வருஷம் உக்கார்றது, ஒரு நாவல் எழுதறதுன்னு முடிவு பண்ணினேன்.

வீட்டுல அக்கா மட்டும்தான். செங்கமலம்னு பேரு. எங்க அப்பா தபால்காரரா இருந்து சர்வீஸ்லயே இறந்துட்டாரு. அந்த வேலை கருணை அடிப்படையில அக்காவுக்கு வந்துச்சு. அப்ப அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. அதுலேருந்து தபால் ஆபீஸ், வீடு, தபால் ஆபீஸ், வீடு. அம்மாவும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. கல்யாணம் பண்ணிக்கல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

தை மாசம் ஒரு பையோட வந்து இறங்கினேன். ஒரு வருஷம் இருக்கப் போறேன், நாவல் எழுதப் போறேன்னு சொன்னேன். "சரி, கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு"ன்னா. அவ்வளவுதான். வேற அக்காவா இருந்தா என்ன நாவல், என்ன கருன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. மறுநாள் பாத்தா முன் ரூமைக் காலி பண்ணி, அவ கட்டிலை அடுப்படிப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தா. எனக்கு மேஜையும் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா. மேஜை மேற்குப் பாத்து இருந்துச்சு. சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். அதுல ஒரு வாரம் போச்சு.

எழுதறதுல இருக்கற கஷ்டம் வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது சார். முதல்ல மெட்ராஸைப் பத்தி ஒரு நாவல் தொடங்கினேன். நாப்பது பக்கம் போனதும் எனக்கே படிக்கத் தோணல. சரி, புதுசா ஆரம்பிப்போம்னு ஒரு பெரிய நோட்டு வாங்கி, காவேரியில தண்ணி வராம விவசாயி படற பாட்டை எடுத்துக்கிட்டேன். மூணாவது பக்கத்துல அவன் என்ன நெல்லு நட்டிருப்பான்னு எழுத வேண்டி வந்துச்சு, எனக்குத் தெரியல. அக்கா தட்டு கழுவிக்கிட்டே நாலு நெல்லுப் பேரு சொன்னா. எந்த மாசம் எதை நடறதுன்னும் சொன்னா. அதோட எனக்கு ஆர்வம் போயிடுச்சு. அப்புறம் ஒரு சரித்திர நாவல். அப்புறம் மேஜையைக் கிழக்குப் பாத்துத் திருப்பிட்டு, மறுபடி மெட்ராஸ். பங்குனி முடியறதுக்குள்ள ஆறு தடவை தொடங்கியாச்சு. ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்துல தேதி போட்டிருக்கேன், வேணும்னா காட்டறேன்.

இதுக்கு நடுவுல குக்கர் சத்தம். காலைல ஆறரைக்கு நான் உக்காருவேன், அப்பதான் அவ குக்கர் வைப்பா. விசில் வந்தா வாக்கியம் உடைஞ்சு போயிடும். அக்கா, இதை மட்டும் கொஞ்சம் பாரேன்னு சொன்னேன். மறுநாள்லேருந்து நாலரை மணிக்கே எழுந்து, நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி சமைச்சு முடிச்சிடுவா. அது எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு. குறை சொல்ல முடியாது.

சித்திரையில ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பினேன். பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது, முன்னூறு பேர் வாங்கறாங்க. ஆசிரியர் திருப்பி அனுப்பிட்டாரு. கூடவே ஒரு கார்டு. உங்கள் கதையில் மனிதர்கள் இல்லை, உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள், பேரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்னு எழுதியிருந்தாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. எங்க வீட்டுல என்ன நடந்திருக்கு? ஒண்ணுமே நடக்கல. அதுதான் எங்க வீட்டோட பிரச்சனையே. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் அக்கா கல்யாணம் பண்ணிக்காம இருக்கற விஷயம் பளிச்சுன்னு பட்டுச்சு. குடும்பத்துக்காகத் தன்னை உருக்கிக்கிட்ட ஒரு பெண். ஒரே மூச்சுல மூணு நாள்ல எழுதினேன். 'ஒரு தியாகத்தின் கதை'. செங்கமலத்தைக் கோமளம்னு மாத்திட்டேன், தபால் ஆபீஸை டெலிபோன் ஆபீஸா மாத்திட்டேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

இப்ப நடந்ததைச் சொல்லணும். இருபது வருஷத்துக்கு முன்னாடி அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளை பேரு வைத்திலிங்கம், நீடாமங்கலம், மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர். அக்கா சொஜ்ஜி, பஜ்ஜி, காபி எல்லாம் வச்ச தட்டோட வந்து நின்னா. அவங்க பேசினாங்க, போனாங்க. கலந்துக்கிட்டு ஒரு வாரத்துல சொல்றோம்னாங்க. ஆறாவது நாள் அந்த மாப்பிள்ளையோட அண்ணன் சைக்கிள்ல வந்தாரு. அக்கா ஆபீஸ் போயிட்டா, அம்மா சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போயிருந்தாங்க. நான் மட்டும் உக்காந்து ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அவர் சொன்னாரு, எங்க எல்லாருக்கும் சம்மதம், தம்பிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, உங்க வீட்டுல என்ன சொல்றாங்கன்னு. நான், அக்காவுக்குப் பிடிக்கலையாம்னு சொன்னேன். பொண்ணே சொல்லிச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன். தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு.

யோசிச்செல்லாம் சொல்லல சார். வாயில வந்துச்சு. அடுத்த மாசம் பரீட்சை. வீட்டுல கல்யாணம்னா எப்படிப் படிக்கறது? அப்புறம் நான் திருச்சியில காலேஜ் சேரணும், வீட்டுல வேற யாரு சம்பாதிக்கறது? அம்மா ரெண்டு வாரம் பாத்துட்டு, அவங்களுக்குப் பொண்ணைப் பிடிக்கல போலிருக்குன்னு விட்டுட்டாங்க. அக்காவும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு இடம் வந்துச்சு. இனிமே யார் முன்னாடியும் தட்டோட வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. பிடிவாதக்காரி.

நிஜமா சொல்றேன், எனக்கு அது மறந்தே போச்சு. எழுத உக்காந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. கதைக்கு நடுவுல ஒரு திருப்பம் வேணும், அதுக்கு அது சரியாப் பொருந்துச்சு. தம்பி அப்படிச் சொல்லிடறான். கோமளம் காத்திருந்து காத்திருந்து நோவுல விழுந்து செத்துப்போறா. தம்பி அவ காலைப் பிடிச்சு அழறான். கடைசி வரியில மழை பெய்யுது. ஆசிரியர் உடனே எடுத்துக்கிட்டாரு.

வைகாசி கடைசியில இதழ் வந்துச்சு. ரெண்டு பிரதி. அக்காதான் ஆபீஸ்லேருந்து கொண்டாந்து கொடுத்தா. பிரிக்கல. அடுத்தவங்க பேருக்கு வந்த தபாலைப் பிரிக்கற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நானே பிரிச்சு, பக்கத்தை எடுத்து, உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்னு கொடுத்தேன். ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு அதுவரைக்கும் சொல்லல.

கொல்லைப்பக்கம் படியில உக்காந்து படிச்சா. முடிச்சிட்டு மறுபடி முதல்லேருந்து படிச்சா. நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு தடவை படிக்கறான்னா பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? அப்புறம் உள்ள வந்தா.

"வைத்திலிங்கத்தோட அண்ணன் வந்தாரா?"

கதையில நான் வேற பேரு வச்சிருந்தேன். இருபது வருஷம் கழிச்சு அவ அந்தப் பேரைச் சட்டுன்னு சொன்னது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆமான்னேன்.

"நீ என்ன சொன்ன?"

கதையில இருக்கறதுதான்னேன்.

"கதையில இருக்கட்டும். உன் வாயால சொல்லு வாசு."

அக்காவுக்குப் பிடிக்கலையாம்னு சொன்னேன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டா. அப்புறம், தோசை மாவு தீந்துபோச்சு, உப்புமா கிண்டட்டுமான்னா. சரின்னேன். ரொம்பப் பக்குவமா எடுத்துக்கிட்டா. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். சாப்பிடறப்ப கதை எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"கடைசில அவளை ஏன் சாகடிச்ச?"

அப்பதான் வாசகர் மனசுல நிக்கும்னு சொன்னேன். நடையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்த மழையைப் பத்திக்கூட.

மறுநாள் லீவு போட்டா. அம்மா இறந்ததுக்கு அப்புறம் அவ லீவு போட்டு நான் கேள்விப்பட்டதே இல்ல. இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கிட்டு, என்னோட இன்னொரு பிரதியை எடுத்துக் கைப்பையில வச்சுக்கிட்டு, வந்துடறேன்னு கிளம்பிட்டா. எனக்குக் காபி போட்டு வைக்கல. மூணு மணிக்குத் திரும்பி வந்தா. எங்க போனேன்னு கேட்டதுக்கு, ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்துச்சு, சொல்லிட்டு வந்தேன்னா. யாரோ சிநேகிதின்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்கா எங்க போனான்னு பின்னாடி வைத்திலிங்கம்தான் சொன்னாரு. இந்த நீடாமங்கலம் தபால் ஆபீஸ்ல விசாரிச்சு, அவர் வீட்டுக்கே போயிருக்கா. அவருக்குக் கல்யாணமாகி, ஒரு பொண்ணு பொறந்து, சம்சாரம் இறந்து நாலு வருஷம் ஆயிருக்கு. அதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. கதவைத் தட்டி, வாசல்லயே நின்னுக்கிட்டு அந்தப் புஸ்தகத்தைக் கொடுத்திருக்கா. "நான் அப்படிச் சொல்லலைங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்"னு சொல்லியிருக்கா. உள்ள வாங்கன்னு கூப்பிட்டிருக்காரு. இல்ல, பஸ் இருக்குன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டா. வேற எதையும் எதிர்பார்த்து அவ போகலன்னு அவர் சொன்னாரு. அது எனக்கு நம்பிக்கையா இல்ல. இவ்வளவு தூரம் பஸ் பிடிச்சுப் போய் இதை மட்டும் சொல்லிட்டு வருவாங்களா?

மூணு வாரம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை, நரைச்ச மீசையோட ஒருத்தர் வந்தாரு. கூட ஒரு பொண்ணு, நர்சிங் படிக்கறது. கையில என் கதை வந்த இதழ். இதுதான் வாசுதேவன் வீடான்னு கேட்டாரு. சார், அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு எழுத்தாளனைத் தேடி முதல் வாசகர் வர்றதுன்னா சாதாரணமா? உக்கார வச்சேன். கதை படிச்சீங்களான்னு கேட்டேன். மூணு தடவை படிச்சேன் தம்பின்னாரு. அரை மணி நேரம் பேசினேன். கரு எப்படித் தோணுச்சு, அந்தத் திருப்பத்தை எங்க வைக்கறதுன்னு எப்படித் திண்டாடினேன், எல்லாம் சொன்னேன். ரொம்பப் பொறுமையா கேட்டாரு. அந்தப் பொண்ணுதான் என்னை ஒரு மாதிரி பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசியா நீங்க எந்த ஊருன்னேன். நீடாமங்கலம், பேரு வைத்திலிங்கம்னாரு.

நான் மேல பேசறதுக்குள்ள அக்கா வந்துட்டா. ரெண்டு கையிலயும் ரெண்டு டம்ளர். தட்டு இல்ல. அவருக்கு ஒண்ணு, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு கொடுத்துட்டு, எதிர் நாற்காலியில உக்காந்தா. அந்தப் பொண்ணுதான் ஆரம்பிச்சுச்சு. அப்பா மூணு வாரமா தூங்கல, எங்க வீட்டுக்கு வந்துடறீங்களான்னு நேராக் கேட்டுடுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க. அக்கா காபியை ஆத்திக் குடிங்கன்னா. அவர் ஒரு வாய் குடிச்சதும், வர்றேன்னா.

ஆவணியில மன்னார்குடி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். மாலை, ஸ்வீட்டு, அவ்வளவுதான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல எழுத்தாளர்னு எழுதினேன். அரசாங்கக் காகிதத்துல அது முதல் தடவை. அக்கா பக்கத்துல நின்னு படிச்சுப் பாத்தா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அன்னிக்குப் பூரா அவ சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா, அதனால எதுக்குன்னு சொல்ல முடியாது.

மாத்தல் வாங்கிக்கிட்டு நீடாமங்கலத்துக்கே வந்துட்டா. வீடு இப்ப எனக்குத்தான். நீங்களே சொல்லுங்க, நாவல் பாதியில நிக்குது, அப்ப இப்படி விட்டுட்டுப் போறது நியாயமா? சரி, பாதின்னு சொல்ல முடியாது, ஏழாவது தடவை தொடங்கியிருந்தேன். இப்ப குக்கரும் நானே வைக்கறேன், விசிலும் நானே எண்ணறேன். துணி, தண்ணி மோட்டார், கேஸ்காரன் எல்லாத்துக்கும் நானே ஓடறேன். எழுதறதுக்கு எங்க நேரம்? அவ ஆபீஸும் போய்க்கிட்டு இதையெல்லாம் எப்பச் செஞ்சான்னே தெரியல.

கதைக்கு ஒரு கடிதம் வந்துச்சு. தர்மபுரியிலேருந்து ஒரு டீச்சர். 'கோமளத்தைவிட அந்தத் தம்பிதான் மறக்க முடியவில்லை, அவனை என்னால் மன்னிக்க முடியாது'ன்னு எழுதியிருந்தாங்க. கதையைச் சரியாப் படிக்கல. அந்தத் தம்பி கடைசில அழறான்ல? அவன்தானே கதாநாயகன்? பதில் எழுதினேன். அதுக்கு அப்புறம் அவங்க எழுதல.

புரட்டாசியில ஒரு சனிக்கிழமை நீடாமங்கலம் போனேன். சொல்லாமத்தான் போனேன், சொந்த அக்கா வீடு. மாமா நல்லா கவனிச்சாரு, இலை போட்டுச் சாப்பாடு. அந்தப் பொண்ணும் வந்திருந்துச்சு, மூணு பேருமா ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, நான் போனதும் அது நின்னு போச்சு. கிளம்பறப்ப அக்கா தெருமுனை வரைக்கும் வந்தா. "அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வா வாசு"ன்னா. கோவமெல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி.

அதனால இன்னிக்குக் காலைல போன் பண்ணினேன். வர்றேன்னு சொன்னேன். என்ன விஷயம்னு கேட்டா. என்னன்னு சொல்றது? ஒரு விஷயமும் இல்ல, வர்றேன்னேன். சரி வான்னா.

என்ன சார்? மன்னிப்பா?

கேட்டுட்டேனே. கதையிலயே இருக்கே. காலைப் பிடிச்சு அழறான்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன்.

நேர்லயா? நேர்ல கேக்கல. அவளும் கேக்கச் சொல்லல.

பஸ்ஸு நின்னுடுச்சு. நீடாமங்கலம் ரயில்கேட்டைப் போட்டுட்டாங்க. இங்க ரயில்கேட்டு விழுந்தா அரை மணி கூட ஆகும், பழகினவங்க எல்லாம் இறங்கி நடந்துடுவாங்க. பாருங்க, இறங்கறாங்க. அக்கா வீடு கேட்டைத் தாண்டினதும் ரெண்டாவது தெரு. நடந்தா அஞ்சு நிமிஷம்.

இன்னொண்ணு இருக்கு சார். அந்த அண்ணன் வந்துட்டுப் போனாரு பாருங்க, அதுக்கப்புறம் ஒரு மாசம், தினம் சாயங்காலம் அக்கா ஆபீஸ்லேருந்து வந்து செருப்பைக் கழட்டறப்பவே கேப்பா. "யாராச்சும் வந்தாங்களா வாசு?"ன்னு. புஸ்தகத்துலேருந்து தலையைத் தூக்காமலே, யாரும் வரலக்கான்னு சொல்வேன். தினமும். ஒரு நாளைக்கு அவ கேக்கறதை நிறுத்திட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இது கதையில இல்ல. நீளம் போதும்னு ஆசிரியர் சொல்லியிருந்தாரு.

ஒரு தடவைதான் பொய் சொன்னேன்னு அவ நினைச்சுக்கிட்டு இருப்பா. இல்ல, அந்தச் சாயங்காலமெல்லாம் அவளுக்கும் ஞாபகம் இருக்குமோ?

நீங்க காலாற இறங்கறதா இருந்தா இறங்குங்க சார், வழி விடறேன். நான் இப்படியே உக்காந்திருக்கேன். ரயில் போகட்டும்.